பூட்டிய அலமாரியும் ஆத்தங்குடிப் பூக்கல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி பக்கம் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சின்னப் பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்தும் விதம் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஒரு நாள் நாலாம் வகுப்பில் சதுரத்தைச் சாய்த்து வரைந்து, இது என்ன என்று கேட்டேன். "டைமண்டு டீச்சர்" என்றது வகுப்பு மொத்தமும். நான்கு பக்கமும் சமம், நான்கு மூலையும் செங்கோணம் என்று முந்தின நாள்தான் ஒப்பித்திருந்தார்கள். தப்பு என்னுடையது. பலகையில் நேராக நிற்கும் சதுரத்தை மட்டுமே காட்டியிருந்தேன். திருப்பிப் பார்க்க ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை.

அந்த வாரமே ஆத்தங்குடிக்குப் போய், ஒரு பட்டறையில் ஓரம் உடைந்து ஒதுக்கியிருந்த 8 அங்குலப் பூக்கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட கல், இருபது வாங்கி வந்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் குழம்பு ஊற்றி வார்க்கிற கல். பல கற்களில் கால் பூதான் இருக்கும்; நான்கு சேர்ந்தால்தான் முழுப் பூ. கனம் அதிகம், காலில் விழுந்துவிடக் கூடாதென்று தரையில் உட்காரச் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

முதலில் பூவைச் சேர்த்தார்கள். பிறகு ஒரு பையன் நான்கு கல்லையும் திருப்பிப் போட, பூ நான்கு மூலைக்கும் பிரிந்து நடுவில் வேறொரு கோலம் வந்தது. அவ்வளவுதான், மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கல்லை நான்கு விதமாக வைக்கலாம், ஆக நான்கு கல்லுக்கு 256 விதம். வெள்ளிக்கிழமைக்குள் 31 விதங்களை நோட்டில் வரைந்துவிட்டார்கள். "சாய்ஞ்சு கிடந்தாலும் கல்லு அதே கல்லுதான் டீச்சர்" என்றாள் ஒருத்தி. டைமண்டு பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வருடம் காலண்டர் அட்டையில் பக்கமும் கோணமும் சமமான ஐங்கோணம், அறுகோணம் வெட்டிக் கொடுத்தேன். அறுகோணம் இடைவெளி இல்லாமல் பரவியது. ஐங்கோணம் மூன்று வைத்ததும் இடுக்கு விழுந்தது, நாலாவது நுழையவில்லை. தான் சரியாக அடுக்கவில்லை என்று ஒரு பிள்ளை இரண்டு நாள் மாற்றி மாற்றி வைத்தாள். சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. மூன்றாம் நாள் கோணமானியை எடுத்து அவளே அளந்தாள். ஒரு மூலை 108 பாகை, மூன்று சேர்ந்தால் 324, முழு வட்டத்துக்கு 36 குறைகிறது. ஓடி வந்து அவள் எனக்குப் பாடம் நடத்தினாள்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். ஒரு தடவை செய்து காட்டிவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்ள வேண்டும், தப்பைப் பொருளே பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கும் என்பது அவர் வழி. நம் அரசுப் பள்ளிகளில் முன்பு இருந்த செயல்வழிக் கற்றல், பிறகு வந்த எண்ணும் எழுத்தும் திட்டங்களிலும் பொருட்களும் அட்டைகளும் கொடுத்தார்கள். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில், ஆய்வுக்கு வரும்போது எண்ணிக்கை குறையக் கூடாது என்று அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். புதிதாக, பளபளவென்று, அப்படியே இருந்தன.

தொலைந்தால் தொலையட்டும் என்று அலமாரியைத் திறந்துவிட அனுமதி வேண்டும். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஆசிரியர் பேசாமல், பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க ஒதுக்க வேண்டும். பட்டறைக்காரர்களும் ஓரம் போன கல்லைக் குப்பையில் கொட்டும் முன் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
காரைக்குடி வட்டம்