நாலே நாலு ஆட்டம்: ஐஸ்லாந்து கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐஸ்லாந்து கால்பந்துச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2020-ஆம் ஆண்டின் முதல் டிவிஷன் ஆண்கள் லீக் பற்றி இவ்வளவு காலம் கழித்து எழுதுகிறேன். கொரோனாவால் பாதியில் நின்ற அந்தப் பருவத்தில், புள்ளி சமமாக இருந்த அணிகளை ஆடவிடாமலே யார் ஏறுவது, யார் இறங்குவது என்று அன்று எடுத்த முடிவை மாற்றுங்கள் என்று கேட்க வரவில்லை. அது முடிந்த கதை. ஆனால் எரிமலையும் பனிப்புயலும் உள்ள நாட்டில் ஒரு பருவம் பாதியில் நிற்பது அதுவே கடைசி முறையாக இருக்கும் என்று நீங்களே நம்ப மாட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

தமிழில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர்தான் முதல் டிவிஷன். அதற்கு மேலே ஒரு லீக் இருக்கிறது. பன்னிரண்டு அணிகள், 22 சுற்றுகள், மே முதல் செப்டம்பர் வரை. வார நாட்களில் பல ஆட்டங்கள் மாலை 7.15-க்குத் தொடங்கும். நமக்கு அது நள்ளிரவு 12.45. இந்த நேரத்தில் கிரெனிவிக் என்ற சின்ன ஊர் அணியின் ஸ்கோர் பார்க்கிறவனிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பந்தயம் கட்டியிருக்கிறாயா? இல்லை ஐயா, சும்மாதான் பார்க்கிறேன்.

கொரோனா வந்த அந்த வருடம் பருவம் ஜூன் மாதத்தில்தான் தொடங்கியது. ஜூலை கடைசியில் நின்றது, ஆகஸ்ட் நடுவில் மறுபடி ஓடியது, அக்டோபர் முதல் வாரத்தோடு மொத்தமாக நின்றது. அக்டோபர் 30 அன்று, பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு அறிவித்த அதே நாளில், நீங்களும் பருவம் முடிந்தது என்று அறிவித்தீர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆட்டங்கள் நடந்திருந்தால் அப்போதைய நிலையே இறுதி நிலை, ஆட்ட எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரி: இந்த விதியை ஜூலையிலேயே எழுதி வைத்திருந்தீர்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும். நெதர்லாந்தில் அதே ஆண்டு ஏப்ரலில் சாம்பியனும் கிடையாது, ஏற்றமும் இறக்கமும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. விதி என்ன என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

சரி, பிறகு என்ன குறை? அட்டவணையின் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

மேலே கெஃப்லாவிக் முதலிடம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜோயி கிப்ஸ் என்ற ஆஸ்திரேலியர் ஒருவரே 21 கோல் அடித்திருந்தார். இரண்டாவது இடத்துக்கு ரெய்க்யாவிக் லெய்க்னிரும் ஃப்ராமும், இருவருக்கும் 20 ஆட்டம், 42 புள்ளி. கோல் வித்தியாசத்தில், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த கணக்கில், லெய்க்னிர் மேல் லீக்குக்குப் போனது. 1908-இல் தொடங்கி 18 முறை நாட்டின் சாம்பியனாக இருந்த ஃப்ராம், 2014-இல் இறங்கியதிலிருந்து காத்திருந்தது. இன்னொரு வருடம் காத்திரு என்று சொல்லப்பட்டது. ஃப்ராம் முறையிட்டது, மேல் லீக்கில் ஐரோப்பியப் போட்டி வாய்ப்பை இழந்த கே.ஆர். கிளப்பும் முறையிட்டது. எதுவும் பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஃப்ராம் ஆடிய ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள்: 18 வெற்றி, 4 சமநிலை, தோல்வியே இல்லை, 58 புள்ளி. கோபத்தில் ஆடியது போலிருந்தது.

ஃப்ராம் பெரிய கிளப், தாங்கிக்கொள்ளும். எனக்கு உறுத்துவது கீழ் முனைதான். ரெய்க்யாவிக்கின் த்ரோட்டுர், கிரெனிவிக்கின் மாக்னி, கிழக்குக் கடற்கரையின் ஃபாஸ்க்ரூட்ஸ்ஃபியோர்டுர் லெய்க்னிர் (பெயர் ஒன்றுதான், கிளப் வேறு), மூன்றுக்கும் ஒரே 12 புள்ளி. இன்னும் இரண்டு சுற்று பாக்கி, அதாவது ஒவ்வொருவருக்கும் ஆறு புள்ளி எடுக்க வழி இருந்தது. கோல் வித்தியாசத்தில் த்ரோட்டுர் தப்பியது, மற்ற இரண்டும் இறங்கின.

கிரெனிவிக் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாசகர்களுக்குச் சொல்கிறேன். எய்யாஃபியோர்டுர் கடற்கழியின் கிழக்குக் கரையில் சுமார் முந்நூறு பேர் வாழும் மீனவர் ஊர். பின்னால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த கால்ட்பாகுர் மலை. நம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைவிட அதிகம் பேர் சாப்பிட உட்காருவார்கள். அந்த ஊர் அணி 2018, 2019, 2020 என்று மூன்று பருவம் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் தாக்குப்பிடித்தது. ஃபாஸ்க்ரூட்ஸ்ஃபியோர்டுர் கொஞ்சம் பெரிய ஊர், எழுநூறு பேர் இருக்கலாம். அந்தக் காலத்து பிரெஞ்சு மீனவர்களின் நினைவாக அங்கே தெருப்பலகைகளில் பிரெஞ்சுப் பெயரும் இருக்கும். இப்படிப்பட்ட அணிகள் ஒரு முறை இறங்கினால் திரும்பி ஏறுவது லேசில்லை. மாக்னி அதற்கு அடுத்த படியிலும் நிற்க முடியாமல் மூன்றாம் டிவிஷனுக்குப் போனது. ஃபாஸ்க்ரூட்ஸ்ஃபியோர்டுர் லெய்க்னிர் 2022-இல் பக்கத்து ஊர் கிளப்போடு சேர்ந்து கே.எஃப்.ஏ. என்ற புதுப் பெயரில் ஆட வந்தது. எல்லாம் அந்த அக்டோபரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் குறையும் ஊர்களில் கிளப்புகள் இணைவது அங்கே வழக்கம்தான். ஆனாலும் ஆடித் தோற்று இறங்குவது வேறு, ஆடாமலே இறங்குவது வேறு.

கோல் வித்தியாசம் முழுப் பருவத்துக்கு நல்ல அளவுகோல். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடியிருப்பார்கள், கணக்கு நேராகிவிடும். 20 சுற்றோடு நின்றால் அப்படி இல்லை. ஒருவருக்கு பலமான எதிரணிகள் முடிந்திருக்கும், இன்னொருவருக்கு இனிமேல்தான் இருக்கும். புள்ளியில் முந்தியவரை அனுப்புங்கள், அதில் தகராறு இல்லை. புள்ளி சமமாக நிற்பவர்களை மட்டும் ஆடவிட்டிருக்கலாம். மேலே ரெய்க்யாவிக் லெய்க்னிரும் ஃப்ராமும் ஓர் ஆட்டம். கீழே மூவரும் ஒருவரோடு ஒருவர், மூன்று ஆட்டம். மொத்தம் நாலே நாலு ஆட்டம்.

அக்டோபரில் முடியாதுதான். ஆனால் 2021 பிப்ரவரியில் லீக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. பனி மூடிய காலத்தில் ஆடுவதற்கென்றே முழு அளவு உள்ளரங்குகள் கட்டி வைத்திருக்கிறீர்கள். ரெய்க்யானெஸ் அரங்கு 2000-இலிருந்து இருக்கிறது, அக்குரேய்ரியில் போகின் அரங்கு இருக்கிறது. குளிர்காலத்தில் ஒப்பந்தம் முடிந்து வீரர்கள் போய்விடுவார்கள், பழைய அணி இருக்காது என்பீர்கள். உண்மைதான், அந்தக் குறை இருக்கும். அப்புறம், எந்த லீக்குக்கு ஆள் எடுப்பது என்று பிப்ரவரி வரை தெரியாமல் கிளப்புகள் தவிக்கும். அதுவும் சரி. ஆனால் அந்தத் தவிப்பை மாக்னி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

வளைந்துகொடுக்கத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். 2023 நவம்பர் 10 இரவு எரிமலை அபாயத்தால் கிரிண்டாவிக் ஊரே காலியானது. அடுத்த பருவம் அந்த அணி தலைநகரின் சாஃபாமிரியில் சொந்த ஆட்டங்களை ஆடியது, 2025-இல் ஊர் திரும்பியது. அதே 2023-இல் பருவம் தொடங்கும் முன் கோர்டிரெங்கிர் என்ற கிளப் இந்த லீக்கிலிருந்து விலகிக்கொண்டபோது, அந்த இடம் தோர்லாக்ஸ்ஹப்னின் ஐகிர் அணிக்குப் போனது.

இன்னொன்று, 2023-லிருந்து இந்த லீக்கில் முதலிடம் பிடித்தவர் மட்டுமே நேராக ஏறுகிறார். இரண்டு முதல் ஐந்து வரை உள்ளவர்கள் தங்களுக்குள் ஆடி, லாவ்கார்டால்ஸ்வோட்லுர் மைதானத்தில் இறுதி ஆட்டம். முதல் வருடமே நாலாவதாக வந்த வெஸ்ட்ரி இப்படி ஏறி, 2025-இல் நாட்டின் கோப்பையையே தன் ஊரான ஈசாஃபியோர்டுருக்குக் கொண்டுபோனது. 22 சுற்று முழுதாக ஆடிய பிறகும் கடைசி முடிவை ஆட்டத்துக்கே விடுகிறீர்கள். 20 சுற்றில் நின்றுபோன பருவத்துக்கு அது இன்னும் பொருந்தும் இல்லையா?

ஆகவே, பிப்ரவரி ஆண்டுக் கூட்டத்தில் இப்படி ஒரு தீர்மானம் வையுங்கள்: எந்த டிவிஷனிலும் பருவம் முடியாமல் நின்று, ஏற்றமோ இறக்கமோ தீர்மானிக்கும் இடத்தில் அணிகள் புள்ளியில் சமமாக இருந்தால், அடுத்த பருவம் தொடங்கும் முன் அவை உள்ளரங்கில் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் டிவிஷன் வரைக்கும் இது செல்லும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நள்ளிரவு 12.45-க்கு ஸ்கோர் பார்க்கும் ஒரு ரசிகன்