கம்ப்யூட்டர் வாங்கும் முன் டிராயிங் போடுகிறவரைக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்தும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கம்ப்யூட்டர்கள் நம் ஆபீஸ்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எப்படியும் மாற்றியாக வேண்டும், அப்படியே ஆப்பிளின் மேக்குக்குப் போய்விடலாமே என்ற பேச்சும் கூடவே வருகிறது. கட்டடத்தை முப்பரிமாண மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளில், பலர் செய்யும் மாடல்களை ஒருங்கிணைப்பதுதான் என் அன்றாட வேலை. அந்த நாற்காலியிலிருந்து எழுதுகிறேன்.

மேக் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் 1980-களில் ஆர்க்கிகேட் என்ற கட்டட டிராயிங் மென்பொருளை ஆப்பிள் கம்ப்யூட்டருக்காகத்தான் உருவாக்கியது. இன்றைய வெக்டர்வொர்க்ஸும் 1985-இல் மினிகேட் என்ற பெயரில் மேக்கில் பிறந்ததுதான். இப்போது இரண்டும் விண்டோஸிலும் ஓடுகின்றன. ஸ்கெட்ச்அப், ரைனோ இரண்டுக்கும் மேக் பதிப்பு உண்டு. கான்செப்ட் முதல் வொர்க்கிங் டிராயிங் வரை ஆர்க்கிகேடிலேயே முடிக்கும் ஆபீஸ் மேக் வாங்கினால் நான் குறுக்கே பேச மாட்டேன்.

ரெவிட் விஷயம் வேறு. 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்கு வந்தது முதல் இன்றுவரை அது விண்டோஸில் மட்டும்தான். இன்டெல் சிப் இருந்த மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸையே நேரடியாக நிறுவிக்கொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததும் புதிய மேக்குகளில் அந்த வழி அடைபட்டது. மிச்சம் இருப்பது மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் போன்ற மென்பொருள். அதற்குள் ஓடுவது எம்1 போன்ற ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ். ரெவிட்டோ இன்டெல் வகைச் சிப்புக்காக எழுதப்பட்டது. அதனால் நடுவில் ஒரு மாற்றும் வேலை ஓயாமல் நடந்தபடியே இருக்கும். இந்த முறைக்கு ஆட்டோடெஸ்கின் ஆதரவும் கிடையாது. ஏதாவது பிரச்சினை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு சின்ன வீட்டு மாடல் அதில் ஓடிவிடும். டெமோவிலும் அதைத்தான் காட்டுவார்கள். ஸ்ட்ரக்சர், ஏசி, பிளம்பிங் மாடல்கள் எல்லாம் லிங்க் ஆன ஒரு மருத்துவமனை ஃபைலைத் திறந்து, நான்கு தளத்தையும் வெட்டும் ஒரு செக்‌ஷனைச் சொடுக்கிப் பாருங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீஸில் இப்படித்தான் மேக்குக்கு மாறினார்கள். எல்லோருக்கும் பொதுவான சென்ட்ரல் ஃபைலோடு சிங்க் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேக்புக்கில் டெலீட் என்று எழுதியிருக்கும் பட்டன் விண்டோஸுக்கு பேக்ஸ்பேஸ். சுவரைத் தேர்வு செய்து அதை அழுத்தினால் சுவர் போகாது, எஃப்என் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் நாள் முழுக்க வரைகிறவரின் விரல் அதை ஒவ்வொரு முறையும் உணரும். அந்த முடிவை எடுத்தவர் ரெவிட்டைத் திறந்ததே இல்லை. கிளையன்ட் மீட்டிங்கில் அவருடைய லேப்டாப் அருமையாக வேலை செய்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, எங்களுக்கு ஆட்டோடெஸ்கின் இன்னொரு டிராயிங் மென்பொருளான ஆட்டோகேட் போதும் என்பவர்களுக்கு: மேக் பதிப்பு 2010-இல் திரும்பி வந்தது உண்மை. ஆனால் அது விண்டோஸ் பதிப்பின் முழு நகல் இல்லை. ஆர்க்கிடெக்சர், எம்இபி (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) போன்ற தனித் தொகுப்புகள் விண்டோஸுக்கு மட்டும். வேலையைத் தானாகச் செய்ய எழுதும் விபிஏ மேக்ரோ ஓடாது. சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் பல வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் லிஸ்ப் ஃபைல்களில் (ஆட்டோகேடுக்கான குட்டி நிரல்கள்) எது ஓடும், எது ஓடாது என்பதை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் அக்கம்பக்க மென்பொருள்கள். முப்பரிமாணப் படம் செய்யும் 3டிஎஸ் மேக்ஸ் விண்டோஸுக்கு மட்டும். ஸ்ட்ரக்சுரல் டிசைனும் உள்ளேயே செய்கிற ஆபீஸ் என்றால் ஸ்டாட், ஈடாப்ஸ் இரண்டும் அப்படியே. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டை நம்பி இருக்கும் ரெண்டரிங் முறைகளுக்கு இன்றைய மேக்கில் இடமில்லை. மெமரி விஷயத்தையும் யோசியுங்கள். சாதாரண டெஸ்க்டாப்பில் 16 ஜிபி போதவில்லை என்றால் சென்னை ரிச்சி தெருவில் ராம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இன்றைய மேக்புக்கில் வாங்கும்போது எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

ஒரே நிறுவனத்தை நம்பிக் கிடப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை. 2020 ஜூலையில் சாஹா ஹடித் ஆர்க்கிடெக்ட்ஸ் உட்பட பிரிட்டனின் பெரிய ஆபீஸ்கள் சேர்ந்து, ரெவிட்டுக்கான செலவு ஏறுகிறது, மென்பொருள் வளரவில்லை என்று ஆட்டோடெஸ்குக்குத் திறந்த மடலே எழுதின. அவ்வளவு பெரிய ஆபீஸ்களே கேட்டு வாங்க வேண்டிய நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? அதனால் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மாடலை ஐஎஃப்சி வடிவிலும் எடுத்து வையுங்கள். ஐஎஸ்ஓ ஏற்ற பொது வடிவம் அது. மாடலில் இருப்பது எல்லாமே அதில் முழுதாக வந்துவிடாது. இருந்தாலும் நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தால் கையில் ஏதாவது இருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன், வாங்கப் போகும் அதே மாடல் கம்ப்யூட்டர் ஒன்றைச் சில நாளைக்குக் கடனாகக் கேளுங்கள். ஆபீஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களில் மிகப் பெரியதை அதில் போட்டு, தினமும் அதில் வரைகிறவரிடமே கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் ஆர்டரை நிறுத்திவிடுங்கள். கிளையன்ட் முன்னால் திறக்க உங்களுக்கு மேக்புக்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், உங்களுக்கு மட்டும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பிம் (கட்டடத் தகவல் மாடல்) கோஆர்டினேட்டர்