பெயரை மாற்றினால் போதுமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நம் பழைய கல்லூரி இதழ்.

இப்போது அதை நடத்தும் பிள்ளைகள் ஆசிரியர் குழுவுக்கென்று நடத்தை விதிகள் எழுதி, இதழின் முன்னாள் ஆசிரியர்கள் படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். உனக்கும் வந்திருக்கும். எட்டுப் பக்கம். நம் காலத்தில் எழுதிவைத்த விதி என்று ஒரு வரிகூட இருந்ததில்லை, கடைசி இரவு கண்விழித்து ப்ரூஃப் பார்க்கிறவர் எதை வெட்டினாரோ அதுதான் முடிவு.

நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் எழுத்தை எடுத்தால் அவர் பெயரைப் போட வேண்டும், சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கியதைச் சொந்த எழுத்து என்று தரக் கூடாது, நெருங்கிய நண்பர் அனுப்பிய படைப்பைத் தேர்வு செய்யும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். இதிலெல்லாம் எனக்கு மறுபேச்சே இல்லை. ஒரு விதி மட்டும் மனதைத் தொட்டது: வந்த படைப்பைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுக் கேலி செய்யக் கூடாது. முதல் வருடப் பையன் ஒருவன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய கவிதையில் ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்துப் பேர் சிரித்தால் அது எப்படியாவது அவன் காதுக்குப் போய்விடும், அப்புறம் அவன் பேனாவையே தொட மாட்டான். படைப்பைத் திருப்பி அனுப்புவதை ஒருவன் தாங்கிக்கொள்வான், இதைத் தாங்க மாட்டான்.

ஐந்தாவது விதிக்கு வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. 'சொந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்பவர் விரும்பினால் பெயர் மாற்றி வெளியிடப்படும்.' அவ்வளவுதான். உனக்கும் நம் மூன்றாம் வருட இதழ்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

ஃபீஸ் கட்ட முடியாமல் ஒரு பருவம் முழுக்க வகுப்புக்கு வராமல் இருந்தவனின் கட்டுரை. அவன்தான் வந்து பேசினான், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவன்தான். நான் எழுதினேன், நீ திருத்தினாய், பெயரை மாற்றினோம். ஆனால் இடது கையால் பந்து வீசுகிறவன் என்று விட்டோம், அப்பா வேலை இழந்த மாதத்தைப் போட்டோம், எந்தத் துறை என்றும் போட்டோம், ஏனென்றால் அந்த விவரங்கள் இருந்தால்தான் கட்டுரைக்கு உயிர் இருந்தது. இதழ் கைக்கு வந்த அன்று மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவன் நம் அறைக்கு வந்தான். அந்தப் பக்கம் மட்டும் உள்ளே வருகிற மாதிரி நான்காக மடித்த இதழை மேசைமேல் வைத்துவிட்டு, "பேரை மட்டும்தானே மாத்தியிருக்கீங்க" என்றான். சத்தம் போடவில்லை. போய்விட்டான்.

அமெரிக்காவில் ஹேசல்வுட் என்ற பள்ளியின் மாணவர் பத்திரிகை வழக்கு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 1983இல் மாணவிகளின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் விவாகரத்து பற்றியும் எழுதிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களை, மாணவர்களோடு பேசாமலேயே தலைமையாசிரியர் எடுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988இல் ஐந்துக்கு மூன்று என்று பள்ளியின் பக்கம் தீர்ப்பானது. இன்றைக்கும் நான் அந்த மாணவர்கள் பக்கம்தான். ஆனால் தலைமையாசிரியர் சொன்ன காரணங்களைப் பார்: பெயர் மாற்றியிருந்தாலும் அந்தப் பெண்கள் யார் என்று தெரிந்துவிடும், விவாகரத்துக் கட்டுரையில் பெற்றோரிடம் அவர்கள் தரப்பைக் கேட்கவில்லை. இந்தக் கேள்விகளை ஆசிரியர் குழு அச்சுக்கு முன்பே தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நாம் கேட்கவில்லை. நம் பக்கத்தை யாரும் வெட்டவும் இல்லை, அதனால் அடி முழுக்க அவன்மேல் விழுந்தது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். செய்தியில் வருகிறவரிடம் கட்டுரையை முன்கூட்டியே காட்டக் கூடாது என்பது பத்திரிகை வழக்கம், காட்டினால் அவர் தனக்கு வேண்டாததையெல்லாம் எடுக்கச் சொல்வார். சரி, விடுதி நிர்வாகத்தைப் பற்றியோ முதல்வரைப் பற்றியோ எழுதும்போது அந்த வழக்கத்தை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர்களிடம் பதில் கேள், கட்டுரையைக் காட்டாதே. ஆனால் தன் கஷ்டத்தை நம்பிச் சொன்ன பத்தொன்பது வயதுப் பையனும் முதல்வரும் ஒன்றா? அமெரிக்கப் பத்திரிகையாளர் சங்கத்தின் நெறிமுறைகூட உண்மையைத் தேடு என்பதோடு நிற்காமல் தீங்கைக் குறை என்கிறது, பத்திரிகைக்குப் பேசிப் பழக்கமில்லாதவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. அதிலும் மாணவர் இதழில் எழுதுகிறவன், எழுதப்படுகிறவன், வாசிக்கிறவன் எல்லாரும் மறுநாள் காலையில் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்.

அதனால் ஐந்தாவது விதியை இப்படி மாற்றச் சொல்லலாம் என்று பார்க்கிறேன்: சொந்த வாழ்க்கையைச் சொன்னவருக்கு, லேஅவுட் முடிந்த பக்கத்தையே காட்ட வேண்டும். பெயரை மறைத்த பிறகும் அவரை அடையாளம் காட்டுவது எது என்று, அவரைத் தெரிந்த ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும், அந்த ஒருவர் யார் என்பதையும் அவரே சொல்லட்டும். அச்சுக்குப் போகும் நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அதற்கு அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. பக்கம் காலியானால் ஆகட்டும், ஒரு படத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். டெட்லைன் நாளில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று நமக்குத் தெரியும், இருந்தும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சேர்க்கச் சொல்வேன். தவறு நடந்துவிட்டால் யார் போய் அவரிடம் பேசுவது என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். அன்றைக்கு நீ போவாய் என்று நானும் நான் போவேன் என்று நீயும் இருந்துவிட்டோம், ஒரு வாரம் கழித்து விடுமுறை வந்துவிட்டது.

அவனுடைய எண் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. இத்தனை வருடம் கழித்து எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கூப்பிடப் போகிறேன், நீயும் சேர்ந்து பேசினால் நன்றாக இருக்கும். பிள்ளைகள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். ஐந்தாவது விதிக்கு நான் எழுதியதில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் சொல், இரண்டு பேர் கையெழுத்தும் போட்டே அனுப்பலாம்.

அன்புடன்,
உன் பழைய சக ஆசிரியன்