ஜனவரிக்கு ஊருக்கு வா, மக்களே

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்கிறது, கிணறு நிறைந்துவிட்டது. நீ அங்கே வெயிலில் நிற்காதே. சைட்டில் ஹெல்மெட்டைக் கழற்றாதே.

போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாய். நானும் "சரி" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உன் பேச்சு வந்தாலே அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெரியத்தை கொண்டுவந்த பெண் போட்டோவுக்கும் நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். "அவனுக்கு வேலை நெருக்கடி" என்று அம்மா சமாளிக்கிறாள். இருக்கட்டும், அதை எழுத நான் உட்காரவில்லை.

ஒரு வேலை பார்த்துச் சொல்வதற்காக வடக்கன்குளம் போயிருந்தேன். காவல்கிணறு தாண்டினால் வந்துவிடும், நீயும் சின்னதில் வந்திருக்கிறாய். வேலை முடிந்து திருக்குடும்பக் கோயிலுக்குள் போனேன். எத்தனையோ தடவை போன கோயில்தான், ஆனாலும் இந்தத் தடவை கொத்தனாராக நின்று பார்த்தேன். நீ இன்ஜினியர், பிளானைச் சொன்னாலே உனக்குப் புரியும். பீடம் ஒன்று. அதிலிருந்து கூடம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமாக நீள்கிறது. கால்சட்டைக் கோயில் என்று அதற்குப் பேரே உண்டு. பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு இரண்டு கூடமும் தெரியும். இந்தக் கூடத்தில் முழங்காலில் நிற்பவனுக்கு அந்தக் கூடத்தில் நிற்பவன் முகம் தெரியாது. ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு சாதி இந்தப் பக்கம், மற்ற சாதி அந்தப் பக்கம். 19-ம் நூற்றாண்டில் இதற்கென்றே யோசித்துக் கட்டியது. போதாதென்று நடுவில் சுவர் வேறு.

வேலை சுத்தமான வேலை, மக்களே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னைப்போல ஒருவன்தான் நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, மூலைமட்டம் வைத்து அந்தப் பிரிவினையை ஒரு கோணலும் இல்லாமல் கட்டியிருக்கிறான். 1910-ல் சாமியார்மார் அந்தச் சுவரை இடித்தார்கள். அதற்கு ஒரு வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. சுவர் வேண்டும் என்றவர்கள் ஜெயிக்கவில்லை. ஆனால் கூடம் இன்றைக்கும் இரண்டாகத்தான் நிற்கிறது. சுவரை இடித்துவிடலாம், அஸ்திவாரத்தை என்ன செய்வது?

இதே வடக்கன்குளத்தில்தான் 1745 மே 14-ம் தேதி நம் புனிதர் தேவசகாயத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கொடுத்தவர் புத்தாரி சாமியார். நட்டாலத்தில் பிறந்து, நீலகண்ட பிள்ளையாக பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்த மனிதர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய் சொல்லித்தான் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தார். வந்த பிறகு அவர் எல்லாச் சாதிக்காரரையும் சமம் என்று சொன்னார், அதுதான் மேல்சாதிக்காரருக்குப் பகையாகப் போனது. இது நான் சொல்வதல்ல, ரோமாபுரியில் போட்ட வாழ்க்கைக் குறிப்பிலேயே இருக்கிறது. அவருக்குத் திருமுழுக்கு கொடுத்த ஊரிலேயே நூறு வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு கோயிலைக் கட்டியிருக்கிறார்கள்! யாருக்கும் நெஞ்சு உறுத்தவில்லையா? உறுத்தியிருக்கும். ஊரில் என்ன சொல்வார்களோ, சொந்தத்தில் என்ன சொல்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

சின்னத்தை கல்யாணத்துக்கு நம் வீட்டிலிருந்து யார் போனது, யார் போகாதது என்று உனக்குத் தெரியும். அதற்குமேல் அதை எழுத வேண்டாம்.

தேவசகாயம் பட்ட பாட்டை நினைத்துப் பார். 1749-ல் பிடித்தார்கள். மூன்று வருஷம். எருமை மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புலியூர்குறிச்சியில் தாகத்துக்குக் கைமுட்டால் இடித்து நீர் வந்த பாறை, பெருவிளையில் கட்டிப்போட்ட வேப்பமரம், இதெல்லாம் பாட்டா வாயால் நீ கேட்டதுதான். உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறையைப் பார்த்தபோது, லத்தீனிலும் தமிழிலும் வெட்டியிருந்த எழுத்தை நீதான் எனக்கு விரலால் தடவித் தடவி வாசித்துக் காட்டினாய். கூரை போன கோயில், சுவர் மட்டும் நின்றது. "அப்பா, இந்தச் சுவர் எப்படிப்பா இன்னும் நிற்குது" என்று கேட்டாய். அன்றைக்கே இவன் கட்டட வேலைக்குத்தான் வருவான் என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றைக்கு நீ பார்க்கிற சைட்டுகளின் போட்டோவை நான் சித்தாள் பெண்களுக்குக்கூட காட்டுகிறேன். பெருமை இல்லாமல் இருக்குமா? ஆனால் போட்டோ மட்டும்தான் வருகிறது. மகன் என்ன நினைக்கிறான் என்று அப்பனுக்குத் தெரியவில்லை.

காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14-ம் தேதி அவரைச் சுட்டார்கள். உடலை அப்படியே காட்டில் போட்டுவிட்டார்கள். நாள் கழித்து மிச்சத்தை எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்தின் முன்னால் அடக்கினார்கள். கோட்டாறு பெரிய கோயில், பேராலயம், அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. எனக்கு மனசு நிற்கிற இடம் ஆரல்வாய்மொழிதான். கணவாய்க் காற்று, தூரத்தில் காற்றாலைகள், கீழே வியாகுல அன்னை கோயில், மேலே பாறை. அங்கே கட்டியதைவிட கட்டாமல் கிடக்கிற பாறைதான் பெரியது. மணியடிச்சான் பாறையை நீயும் தட்டியிருக்கிறாய். கல் வேலைக்காரன் கல் எடுக்கும்போது சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவான். உள்ளே விரிசல் ஓடிய கல் "பொத்" என்று அடங்கிவிடும். ஒட்டுமொத்தமாக இருக்கிற கல் "ணங்" என்று பேசும். அந்தப் பாறை வெண்கல மணியாகவே பேசுகிறது. அங்கே அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஒன்று கிடையாது. யார் பக்கத்தில் யார் முழங்காலில் நின்றாலும் கேட்க ஆளில்லை.

2012 டிசம்பரில் நாகர்கோவிலில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய, முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது அந்தக் கூட்டத்தில் என் கையை விடாமல் நின்றாயே, நினைவிருக்கிறதா? 2020-ல் அவர் பேரோடு ஒட்டியிருந்த "பிள்ளை"யை ரோமாபுரி எடுத்துவிட்டது. அதற்கு நம் பக்கத்திலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு, யார் என்று உனக்கே தெரியும். 2022 மே 15-ல் பாப்பரசர் அவரைப் புனிதர் ஆக்கினார். இந்தியாவில் சாமியாராகவோ துறவியாகவோ இல்லாத ஆளில் முதல் புனிதர். கல்யாணம் செய்த, குடும்பம் நடத்திய மனிதர். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் அவர் போன பிறகு வடக்கன்குளத்தில்தான் இருந்தார்.  தான் நம்பியதை அவர் வீட்டில் அந்த அம்மாளிடமும் சொன்னார்.

நீயும் வீட்டில் சொல்லு, மக்களே. என்ன ஆனாலும் முதலில் வீட்டில் சொல்லு. வெளியாள் வாயால் எனக்கு எதுவும் வந்து சேரக்கூடாது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என்னைப் பார்த்து, "உங்க பையன் விசேஷம் எப்போ" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். நான் "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொல்லவில்லை. பெரியத்தைக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். கல்யாண ஓலை எந்தக் கோயிலில் வாசித்தாலும் அப்பனாக முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். எந்தக் கோயில் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

வெயிலில் நிற்காதே. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. ஹெல்மெட்டைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன், இருந்தாலும் போட்டுக்கொள்.

ஜனவரி 14-க்கு லீவு கேள். காற்றாடிமலைக்கு எல்லாரும் போகலாம், பொங்கலும் சேர்ந்து வருகிறது. டிக்கெட் இப்போதே போட்டால் குறைவாகக் கிடைக்கும் என்று பாப்பா சொல்கிறாள். தனியாக வருகிறாயா, கூட ஆள் உண்டா என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு. தனியாக என்றால் நான் பஸ்ஸில் திருவனந்தபுரம் வந்து உன்னைக் கூட்டிக்கொள்வேன். ஆள் உண்டென்றால் நல்ல காராகப் பேசி, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா