இரண்டும் ஒரே அளவாய் மூச்சு விட

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "காருக்குப் புதுசா ஒரு சோடி காபரேற்றர் வாங்கிப் பூட்டியிருக்கலாமே அப்பா, ஏன் மூன்று மாதமா அந்தப் பழசோட மினக்கெடுறீங்கள்?" என்றாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதில் கதை பாதியில் நின்றுவிட்டது. எழுதினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நம்முடைய எம்ஜிபி 1966இல் அபிங்டனில் செய்த கார். மாரி தொடங்கியதிலிருந்து சிக்னலில் நின்றால் என்ஜின் ஏறி இறங்கித் துடித்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். முன் இரண்டிலும் கரி, பின் இரண்டும் வெளுத்துக் கிடந்தன. காபரேற்றர்தான் பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது. முன் காபரேற்றர் முன்னிரண்டு சிலிண்டருக்கும் பின்னது பின்னிரண்டுக்கும் கொடுப்பதால், ஒன்று அளவுக்கு மேல் பெற்றோல் விடுகிறது, மற்றது எங்கோ காற்றைக் களவாக இழுக்கிறது என்று விளங்கியது. ஒரு கராஜில் காட்டினேன். இரண்டையும் எறிந்துவிட்டு வெபர் என்ற வேறு வகைக் காபரேற்றர் ஒன்றைப் போடச் சொன்னார்கள். வெபர் நல்ல சாமான்தான். ஆனால் அதற்கு, கலவையை என்ஜினுக்குக் கொண்டுபோகும் மனிஃபோல்ட் குழாயையும் மாற்றவேண்டும், இந்தக் காருக்கென்று அளந்து வைத்த ஒன்றைப் பிடுங்கவேண்டும். எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பது அரிது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. காபரேற்றரின் வாயில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாமாவின் மொறிஸ் மைனரில் அந்தப் பெற்றோலை விடுவது என் வேலை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒருநாள் மாமா ஆணிகளைக் கழற்றி, மேலிருந்த மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த பிஸ்ரனை விரலால் உயர்த்திக் காட்டினார். அதன் அடியில் தையலூசி போல நீண்டு, நுனி மெலிந்த ஒரு பித்தளை ஊசி. அதே எஸ்யூ காபரேற்றர்தான், ஒன்றுக்கு இரண்டாக, இங்கே லண்டன் ஹரோவில் நம்முடைய கராஜிலும் நிற்கிறது. முதல்முறை பொனற்றைத் திறந்தபோது எனக்கு மாமாவின் விரல்தான் நினைவுக்கு வந்தது.

அதன் வேலை இவ்வளவுதான். நீ அக்சிலேற்றரை மிதித்தால் காற்று கூட இழுபடும். அந்த இழுவையில் பிஸ்ரன் தானாக உயரும், வழி அகலும். பிஸ்ரனோடு ஊசியும் எழும்புவதால், மெலிந்த பக்கம் ஜெட் என்ற பெற்றோல் குழாயின் துளைக்குள் வரும், சுற்றிலும் இடைவெளி கூடும், பெற்றோலும் கூடும். எவ்வளவு காற்றோ அவ்வளவு பெற்றோல். எஸ்யூ என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன். சப்பாத்து வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கியது. முதலில் செய்தவற்றில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோலால் செய்த துருத்தி இருந்ததாம். தோலோடு வளர்ந்தவர்களுக்கு அது தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. 1926இல் மொறிஸ் கார்களைச் செய்த மொறிஸ் அந்தக் கம்பனியை வாங்கினார். எம்ஜியும் அவருடைய கம்பனியில் பிறந்ததுதான். மாமாவின் காருக்கும் இந்தக் காருக்கும் ஒரே வகைக் காபரேற்றர் வந்தது அதனால்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சோல்ஸ்பரியில் பேர்லன் என்ற நிறுவனம் நம்முடைய காரில் உள்ள இந்த எச்எஸ்4 வகைக் காபரேற்றரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறது. அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் பழசில் அலுமினிய உடம்பு பெரும்பாலும் தேய்வதில்லை. தேய்வது ஊசி, ஜெட், பெற்றோலைக் கொண்டுவரும் ரப்பர், எல்லாவற்றிலும் மேலாக, காற்றின் வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை வால்வைத் தாங்கும் ஸ்பிண்டில் என்ற தண்டும், உடம்பில் அது சுழலும் துளைகளும். என்ஜின் ஓடும்போது ஸ்பிண்டிலின் நுனியில் கொஞ்சம் ஸ்பிரே அடித்தேன், சத்தம் மாறியது. காற்று புகும் இடம் அதுதான். உடம்புகளை ஒரு சின்னப் பட்டறையில் கொடுத்து, தேய்ந்த துளைகளுக்குள் புஷ் என்ற புதிய வளையங்கள் போடுவித்தேன். மூன்று கிழமை அங்கேயே போய்விட்டது. துளை நேர்கோட்டில் வராவிட்டால் ஸ்பிண்டில் இறுகும், அதனால் அவரை அவசரப்படுத்தவில்லை.

பட்டர்ஃபிளையைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஆணிகளின் நுனி பிளந்திருக்கும். பூட்டியபின் அந்தப் பிளவை விரித்துவிட வேண்டும். விரிக்காமல் ஒன்று கழன்றால் அது நேரே என்ஜினுக்குள்தான் போகும். இதை மட்டும் இரண்டுதரம் விளக்கடியில் பார்த்தேன். நீயும் ஒருநாள் இதைக் கழற்றினால் மறந்துவிடாதே.

ஜெட்டை ஊசிக்கு நடுவில் கொண்டுவருவதுதான் பொறுமை கேட்ட வேலை. ஜெட்டை முழுக்க மேலே ஏற்றி, இறுக்கும் நட்டைத் தளர்த்தி, மேல்துளை வழியாகப் பென்சிலால் பிஸ்ரனை அமர்த்திப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கவேண்டும். பிறகு பிஸ்ரனை உயர்த்தி விட்டால் "டக்" என்று விழவேண்டும். ஜெட்டைக் கீழே இறக்கியும் அதே சத்தம் வரவேண்டும். சத்தம் மந்தமானால் ஊசி உரசுகிறது, திரும்பவும் முதலிலிருந்து. பின் காபரேற்றருக்கு ஏழுதரம் செய்தேன். ஏழாவதில் அந்த "டக்" கேட்டபோது அம்மாவைக் கூப்பிட்டு வந்து கேட்கவைத்தேன். இரண்டு பிஸ்ரனையும் மூடியையும் ஒன்றோடொன்று மாற்றிப் போடவும் கூடாது. அவை சோடி பார்த்துச் செய்தவை.

பெற்றோலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2021 செப்டெம்பரில் இங்கே பெற்றோல் நிலையங்களில் ஈ10 என்ற பெற்றோல் வந்தது. அதில் உள்ள எதனோல் பழைய ரப்பரைத் தின்னும். முன் காபரேற்றரின் பெற்றோல் கிண்ணத்தில் கறுப்புத் துகள் கிடந்தது, அதனால்தான் அந்தக் கிண்ணத்தின் வால்வு மூடாமல் வழிந்திருக்கிறது. இந்த என்ஜினில் காபரேற்றருக்கு நேர் கீழே புகைபோக்கி மனிஃபோல்ட். சொட்டுகிற பெற்றோல் எங்கே விழும் என்று நினைத்துப் பார். எல்லாக் குழாய்களையும் எதனோலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன், இனி எதனோல் குறைந்த ஈ5 மட்டும்தான் அடிப்பேன். சாவியைத் திருப்பியதும் பின்னால் பம்ப் "டிக் டிக்" என்று அடித்துத் தானாக நிற்கவேண்டும். நிற்காமல் அடித்தால் உடனே சாவியை அணை, பொனற்றைத் திற. தீயணைப்பான் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது.

காபரேற்றரைத் தொடமுன் மற்றதெல்லாம் சரிபார்த்துவிட்டேன். பிளக்குக்குப் பொறியைக் கொடுக்கும் பொயின்ற்றின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15, குளிர்ந்த என்ஜினில் வால்வு இடைவெளியும் அதே 15. இரண்டு ஜெட்டையும் இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் பன்னிரண்டு பட்டை, கீழே இறக்கி வைத்தேன். என்ஜின் முதல் தரத்திலேயே கிளம்பியது. உனக்கு அனுப்பிய வீடியோவில் நான் கத்தியது அதற்குத்தான்.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க, ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காபரேற்றரின் வாயிலும் மற்ற முனையைக் காதிலும் வைத்துக் கேட்கவேண்டும். "ஸ்ஸ்" என்று வரும். இரண்டிலும் ஒரே "ஸ்ஸ்" வரும்வரை ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். அச்சகத்தில் இருபது வருடம் நின்ற என் காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. மூன்று நாள் முயன்றேன். காற்றளக்கும் கருவி இருக்கிறது, வாங்கலாம்.

நான் இன்னும் வாங்கவில்லை. சின்ன வயதில் நான் வயலினைச் சுருதி சேர்க்கும்போது எந்தக் கம்பி குறைகிறது என்று அடுத்த அறையிலிருந்து சொன்னவள் நீ. ஈஸ்டருக்கு கிளாஸ்கோவிலிருந்து வருகிறாய்தானே. சனி காலை குளிராக இருந்தாலும் காரை வெளியே எடுத்து, நன்றாகச் சூடாக்கி வைக்கிறேன். நீ கேட்டுச் சொல், நான் ஆணியைத் திருப்புகிறேன். குழாய் கராஜ் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பழைய சேர்ட் ஒன்று கொண்டு வா, பெற்றோல் மணம் இலேசில் போகாது.

அன்புடன்,
அப்பா