புதரோரச் செங்காந்தளை ஜேசிபியில் வார வேண்டாம்: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட வன அலுவலர் அவர்கள், சென்னை.
அனுப்புநர்: மணலி புதுநகர் பகுதி மக்கள்.
பொருள்: கொசஸ்தலை ஆற்றங்கரைப் புதரில் உள்ள செங்காந்தளைக் காப்பாற்றக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

மணலி புதுநகரிலிருந்து கொசஸ்தலை ஆற்றுக்குப் போகிற மண்பாதை ஓரமாக ஒரு புதர்க்காடு இருக்கிறது. காரை, நுணா, நடுநடுவே சீமைக்கருவேலம். மழை பிடித்ததும் அதன் மேல் செங்காந்தள் ஏறிப் பூக்கும். பெரியவர்கள் கார்த்திகைப் பூ என்பார்கள். வடசென்னையில் இதெல்லாம் ஏது என்று நினைக்காதீர்கள், இருக்கிறது.

போன வைகாசியில் ஒரு ஒப்பந்ததாரர் சீமைக்கருவேலம் எடுக்கிறேன் என்று ஜேசிபியோடு வந்து, பாதி இடத்தை மண்ணோடு வாரிவிட்டார். கேட்டதற்கு, "முள்ளைத் தவிர இங்க என்ன சார் இருக்கு?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கோடையில் இந்தக் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும், மழை வந்த பிறகுதான் தலைகாட்டும், அதனால் வேலைக்கு வசதியான மாதத்தில் செடி இருப்பதே தெரியாது. வாரிப்போட்ட மண்ணில் பார்த்தோம். கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்த கிழங்குகள் முறிந்து கிடந்தன. முளை அந்தக் கையின் நுனியில்தான் இருக்கும், நுனி போனால் கிழங்கு போச்சு. விதையிலிருந்து வந்து பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். இந்த மழைக்கு அந்தப் பாதியில் ஒரு பூ கூட இல்லை.

மீதிப் பாதியில் இப்போது பூத்திருக்கிறது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, அடியில் மட்டும் மஞ்சள் நிற்க மேலே சிவந்துகொண்டே போகும். தலைகீழாகத் தொங்கும் பூவில் ஆறு இதழும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்கியிருக்கும். நம் மாநில மலர் இதுதான். பிள்ளைகளிடம் பெயரைக் கேட்டால் டக்கென்று சொல்வார்கள், பூவைக் காட்டினால் முழிக்கிறார்கள்.

பிடுங்கிப் பூங்காவில் நடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். இலை நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்து ஏறுகிற செடி இது, புல்தரையில் எதைப் பிடிக்கும்? புதர் இருந்தால்தான் இது இருக்கும்.

இன்னொன்று, விஷம். கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து, அதில் உள்ள கொல்சிசின்தான் காரணம், அதே சரக்கு அளவோடு கீல்வாதத்துக்கு மருந்தும் ஆகிறது. விஷச்செடி எதற்கு என்கிறவர்கள் வீட்டு வாசலிலேயே அரளி நிற்கிறது! ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும்.

எனவே, பூ இருக்கும்போதே உங்கள் ஆட்கள் வந்து செடி நிற்கிற இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வைக்க வேண்டும். சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அங்கே ஜேசிபியை விடாமல் ஆள் வைத்து எடுக்கட்டும், காரையையும் நுணாவையும் விட்டுவிடட்டும். கிழங்கு தோண்ட வருகிறவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இடத்தைக் காட்ட நாங்கள் எந்த நாளும் தயார். கார்த்திகை போனால் பூ கொட்டிவிடும், அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மணலி புதுநகர் பகுதி மக்கள்