பெர்த்துல இருக்கிற என் கால்வினுக்கு

டேய் மச்சான்,

ஒம்போது மாசமா உனக்கு ஒரு வரி எழுதல. நீயும் எழுதல, ஆனா தப்பு என் பக்கம்தான் அதிகம், குரூப்ப விட்டு வெளிய போனது நான், பொறந்தநாளுக்கு நீ அனுப்பின மெசேஜுக்கும் பதில் போடல. மன்னிச்சுக்க. இங்க சிங்கப்பூர்ல எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, ஆனா லிஃப்ட் வரைக்கும் தானே நடக்கிறாங்க, உன்ன கேட்டுக்கிட்டே இருக்காங்க. மைலோ கணக்கு இன்னும் தீரல, அத நான் மறக்கல. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

என் பெரிய பையன் சபைக்கு வர்றத நிறுத்திட்டான்.

சண்டை எல்லாம் ஒண்ணும் இல்லடா. என்எஸ், அந்த கட்டாய ராணுவ சேவை, முடிச்சு வந்ததுலேர்ந்தே கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்தான், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நாங்க எல்லாம் கிளம்பி நிக்கிறோம், இவன் வீட்டு டிரஸ்ஸோட சோபாவுல உக்காந்திருக்கான், "நான் வரலப்பா, நம்பிக்கை இல்லாம அங்க நின்னு பாடுறது பொய் சொல்ற மாதிரி இருக்கு"ன்னான். அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லல, அவங்க அம்மா பஸ்ல அழுதா.

மூணு வாரம் கழிச்சு ராத்திரி சாப்பாடு. நான் வழக்கம் போல ஜெபம் பண்ணி, கடைசியில "ஆண்டவரே, இவன் மனச உம்ம பக்கம் திருப்பும்"னு ஒரு வரி சேத்துட்டேன். அவன் ஆமென் வரைக்கும் பொறுமையா இருந்தான். அப்புறம் ரசத்த ஊத்திக்கிட்டே கேட்டான், கோவமே இல்லாம கேட்டான், அதுதான் என்னைய இன்னும் போட்டு அறுக்குது. "அப்பா, கடவுள் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டாரு, நம்மள பொம்மையா படைக்கலன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, அங்கிளோட ஜாலான் காயு பிராட்டா கடையில ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கத்தினதும் அதுக்குத்தானே, அப்ப இப்ப அவர்கிட்ட என்ன கேக்குறீங்க? என்னைய கேக்காமலே என் மனச மாத்தச் சொல்றீங்களா? மாத்த மாட்டாருன்னா ஏன் கேக்கணும், மாத்துவாருன்னா எல்லாரையும் ஏன் மாத்தல?"

முப்பது வருஷமா உன்னோட வாதாடினவன்டா நான், நீ கால்வின் பக்கம், யாரு இரட்சிக்கப்படணும்னு கடவுள் முன்னமே தீர்மானிச்சாச்சுன்னு, நான் வெஸ்லி பக்கம், ஏத்துக்கறது மனுஷன் கையிலன்னு. ஒரு வார்த்தை வரல. அதுக்கப்புறம் பத்து நாள் அவனுக்காக என்னால வாயத் திறந்து ஜெபம் பண்ண முடியல. முழங்கால் போடுவேன், "ஆண்டவரே"ன்னு ஆரம்பிப்பேன், அடுத்து என்ன கேக்கறதுன்னே தெரியாது.

எங்க பக்கத்துக்கு ஒரு பதில் இருக்குங்கிறது உனக்கே தெரியும். மனுஷன் தானா எழுந்து ஆண்டவர்கிட்ட வந்துருவான்னு மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச வெஸ்லி சொல்லவே இல்ல, கிருபை முந்திக்கிட்டு வந்து எல்லாரோட சித்தத்தையும் பதில் சொல்ற அளவுக்கு விடுவிக்குது, அதுக்கப்புறம் ஏத்துக்கறதும் தள்ளுறதும் அவன் கையிலன்னுதான் சொன்னாரு. அப்படிப் பாத்தா என் ஜெபம் "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க ஆண்டவரே, இன்னும் ஒரு தடவ கூப்பிடுங்க"ங்கிறதுதான். பையன்கிட்ட இத சொன்னேன், "ஓகேப்பா, அது பரவால்ல"ன்னான். ஆனா உண்மையச் சொல்லணும்ல, ராத்திரி தூக்கம் வராம எழுந்து உக்காரும்போது நான் கேக்குறது அது இல்லடா. அப்ப நான் கேக்குறது வேதத்துல புலம்பல் புத்தகத்தோட கடைசி அதிகாரத்துல இருக்கே, "கர்த்தாவே, எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும், அப்பொழுது திரும்புவோம்", அதேதான். நீ திருப்பு, அப்பதான் திரும்புவான். ஆதி சபைப் பிதா அகஸ்டின் இத அப்பவே பிடிச்சிட்டாரு பாரு, சபை அவிசுவாசிகளுக்காக ஜெபம் பண்ணுதே, விசுவாசத்த கொடுக்கறது கடவுள் இல்லன்னா அந்த ஜெபத்துக்கு என்ன அர்த்தம்னு. பேசும்போது வெஸ்லி பக்கம் நிக்கிறேன், முழங்கால்ல உன் பக்கம் வந்துர்றேன். நீ இத வாசிச்சு சிரிப்பன்னு தெரியும், சிரி, ஆனா முழுசா வாசி.

ஏன்னா உன் பக்கத்துலயும் ஓட்டை இருக்கு. எல்லாம் முன்னமே தீர்மானிச்சாச்சுன்னா நான் எதுக்கு ராத்திரி எழுந்து உக்காரணும்? இது புதுக் கேள்வியே இல்ல, மூணாம் நூற்றாண்டுல வேத அறிஞர் ஓரிகன்கிட்ட அவர் நண்பர் அம்புரோசு இதையேதான் எழுதிக் கேட்டாரு, கடவுளுக்கு முன்னமே எல்லாம் தெரியும், அது நடந்தே தீரும்னா ஜெபம் வீண்தானேன்னு. நீ வழக்கமா ஒரு பதில் சொல்லுவ, முடிவு மட்டும் இல்ல, வழியும் கடவுள் முன்குறிச்சதுதான், அதாவது முன்னமே தீர்மானிச்சதுதான்னு, எனக்கு அது எப்பவும் வக்கீல் பேச்சு மாதிரியே இருந்துச்சு. இந்தத் தடவ அப்போஸ்தலர் 27 வாசிச்சேன். கப்பல்ல 276 பேரு, ஒருத்தரும் சாக மாட்டாங்கன்னு தூதன் வந்து பவுலுக்கு சொல்லியாச்சு, முடிஞ்ச விஷயம். அப்புறம் கப்பல்காரங்க படகுல நைசா இறங்கி ஓடப் பாக்குறாங்க, பவுல் என்ன சொல்றாரு, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்". அதே பவுல்தான்டா! வாக்கு வந்துருச்சு, ஆனாலும் அந்தப் படகோட கயித்த அறுத்து அவங்கள நிறுத்த ஆளு வேணும்.

என் வேலையே கப்பல்தானே. நாளைக்கு வர்ற கப்பல் எங்க கட்டணும், எந்தப் பெட்டி முதல்ல இறங்கணும்னு இன்னிக்கே எழுதி வெச்சிருவோம், ஆனா துறைமுகத்துக்குள்ள வழிகாட்டுற பைலட் ஏறாம அது உள்ள வராது. சரி, ஜெபம்கிறது பைலட் ஏறுற மாதிரி, திட்டத்துக்கு வெளிய இல்ல, திட்டத்துக்குள்ளயேன்னு ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன். மூணாவது நாள் அதுவும் உடைஞ்சு போச்சு. நான் திட்டம் போடுறவன், பைலட்டோட மனச நான் உண்டாக்கல, அவரு மாட்டேன்னா மாட்டேன்தான். உங்க கால்வின் சொல்ற கடவுள் அந்த மனசையும் சேத்து ஆளுறவரு. அங்கதான் நான் இன்னும் நிக்கிறேன், தாண்ட முடியல.

ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சேன், உனக்கு தெரிஞ்சிருக்கும், ஏன் என்கிட்ட சொல்லலன்னு கோவம் வருது. கால்வினோட பெரிய புத்தகத்துல, 1559 பதிப்பு, மூணாவது பாகத்துல முன்குறித்தல் 21ஆவது அதிகாரத்துலதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி, 20ஆவது, ஜெபம். எவ்வளவு நீளம் தெரியுமா அது! நம்ம வாலிபர் கூட்டத்துல கால்வின்னா கல்லு மனசுக்காரர்னு நெனச்சிட்டிருந்தோமே, அந்த மனுஷன் முதல்ல முழங்கால் போடச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் முன்குறித்தல பத்தி வாயத் திறக்குறாரு. நீ மட்டும் எப்பவும் 21லேர்ந்தே ஆரம்பிப்ப.

அதுக்குத்தான் நம்ம கோச் செத்தப்ப நடந்த விஷயத்த இப்ப சொல்றேன். புளோக்குக்குக் கீழ, சவப்பெட்டி அங்க இருக்கு, அவன் பொண்ணு நாலு நாற்காலி தள்ளி உக்காந்திருக்கு, நீ என் காதுல சொன்ன, "தெரிந்துகொள்ளப்பட்டவனா இருந்திருந்தா கடைசியிலயாவது திரும்பியிருப்பான்"னு, அதாவது கடவுள் அவன இரட்சிப்புக்குத் தெரிஞ்செடுக்கலன்னு. அந்தப் பொண்ணுக்கு கேட்டுச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது. நான் குரூப்ப விட்டுப் போனது அதனாலதான், வேற எந்தக் காரணமும் இல்ல. யாரு தெரிந்துகொள்ளப்பட்டவன்னு அவன் கடைசி மூச்சுல பக்கத்துல நிக்காத உனக்கு எப்படிடா தெரியும்? மறைவானவை கர்த்தருக்கே உரியதுன்னு உபாகமம் 29 சொல்லுது, நீதானே அத சண்டே ஸ்கூல்ல ஒப்பிச்சு பிரைஸ் வாங்கின. உன் உபதேசம் முழுக்க சரியாவே இருக்கட்டும், அந்த வாக்கியம் தப்பு. நாளைக்கு என் பையனப் பத்தி அப்படி ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சுன்னா என்னால தாங்க முடியாது.

எல்லாம் மனுஷன் கையிலன்னு சொல்ற எங்க பக்கத்து ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. வேற சபை வீட்டுக் கூட்டத்துல ஒருத்தங்க என் வீட்டுக்காரிகிட்ட, உங்க விசுவாசம் பத்தல சிஸ்டர், அதான் பையன் போயிட்டான்னு சொல்லிட்டாங்க. அவ ரெண்டு வாரம் உபவாசம் இருந்து மெலிஞ்சு போனா. பவுல் தன் சரீரத்துல இருந்த முள்ளு நீங்கணும்னு மூணு தரம் கேட்டாரே, போகலையே, அவருக்கு விசுவாசம் பத்தலையா? அங்க அந்த ஆண்டவருக்கு எல்லாமே முன்னமே முடிஞ்சது, இங்க இந்த ஆண்டவருக்கு எல்லாமே நம்ம பலத்துல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தாய் அழுதுக்கிட்டு இருக்கா.

என்னைய திரும்ப முழங்கால் போட வெச்சது, இயேசு பிடிபடுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ண கெத்செமனே தோட்டம்தான். தாம் சாகப் போறத இயேசு முன்னாடியே சீஷருக்கு ஒரு தடவைக்கு மேல சொல்லிட்டாரு, தெரியாம இல்ல. தெரிஞ்சும் அந்த ராத்திரி, இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கக்கூடுமானால்னு கேட்டாரு. ஒரு தரம் இல்ல, மூணு தரம். குமாரனே முடிவு தெரிஞ்சுக்கிட்டு கேட்டாருன்னா, முடிவு தெரியாத நான் கேக்கறதுல என்ன தப்பு? பையனோட கேள்விக்கு இது பதில் இல்ல, அது எனக்கு தெரியும். அவன்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன், "பதில் தெரியலடா, ஆனா நான் கேக்கறத நிறுத்த மாட்டேன், உனக்கு கஷ்டமா இருந்தா சாப்பாட்டு மேசையில உன் பேர சொல்லாம மனசுக்குள்ள கேக்குறேன்"னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "இல்ல, சத்தமாவே கேளுங்க, என்ன கேக்குறீங்கன்னு எனக்கு தெரியணும்"னான்.

இன்னும் ஒண்ணு. வெஸ்லி 1739ல பிரிஸ்டல்ல முன்குறித்தலுக்கு எதிரா பிரசங்கம் பண்ணி, உங்க பக்கத்துல நின்ன அவர் நண்பர் விட்ஃபீல்டு அச்சுல போடாதீங்கன்னு கெஞ்சியும் கேக்காம போட்டு, ரெண்டு பேரும் பிரிஞ்சாங்கல்ல. 1770ல விட்ஃபீல்டு அமெரிக்காவுல செத்தப்ப, லண்டன்ல நினைவுப் பிரசங்கம் பண்ணது யாரு? வெஸ்லிதான், விட்ஃபீல்டே அப்படி கேட்டு வெச்சிருந்தாராம். எனக்கு அவ்வளவு வருஷம் காத்திருக்க முடியாதுடா, நமக்கு ஏற்கனவே அம்பத்தி மூணு.

டிசம்பர்ல வா. பையன் உன்கிட்ட பேசணும்னு சொல்றான், அங்கிள் பதில் சொல்லட்டும்னு ஒரு பெரிய லிஸ்டே வெச்சிருக்கான், 20ஆவது அதிகாரத்த வாசிச்சிட்டு வா. கோச் பொண்ணையும் போய் பாக்கலாம், ரெண்டு பேருமா, நீ பேசணும். அங்கயும் இங்கயும் கடிகாரம் ஒண்ணுதானே, ராத்திரி பத்து மணிக்கு நான் பையனுக்காக உக்காருறேன். உன் கணக்குப்படி அது எப்படி வேலை செய்யுதோ தெரியாது, நீயும் அந்த நேரத்துக்கு உக்காரு.

தங்கச்சியையும் பிள்ளைங்களையும் கேட்டதா சொல்லு.

உன்,
ஷார்ட் ஸ்ட்ரீட் சபை பின் பெஞ்சு